ஊசி வைத்தியத்துக்குப் போகும் முன்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இரண்டு மாதம் முன்பு ஒரு குழுவில் உள்கடன் கேட்டு ஓர் உறுப்பினர் விண்ணப்பம் கொடுத்தார். காரணம் என்ற இடத்தில் 'அக்குபஞ்சர் வைத்தியம்' என்று எழுதியிருந்தது. தொகை 8,000 ரூபாய். ஊக்குநர் எங்களுக்குப் போன் செய்து, "வைத்தியச் செலவுதான், கொடுக்கலாம். ஆனா இது என்ன வைத்தியம்னே எங்களுக்குத் தெரியலையே மேடம்" என்றார்.

நாங்கள் அந்த உறுப்பினர் வீட்டுக்குப் போனோம். அவருக்கு நாற்பத்தாறு வயசு. களை எடுக்கக் குனிந்து உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத அளவுக்கு முழங்கால் வலி. டவுனில் ஒருவரிடம் மூன்று தடவை ஊசி குத்திக்கொண்டு வந்திருக்கிறார், கொஞ்சம் தேவலை என்றார். பத்து தடவைக்கும் சேர்த்து முன்பணம் கட்டினால் சலுகை என்று சொன்னார்களாம், அதற்குத்தான் கடன். கிளம்பும்போதுதான் கவனித்தோம், அலமாரியில் சர்க்கரை மாத்திரை அட்டைகள் பிரிக்காமலே இருந்தன. கேட்டதற்கு, "இங்கிலீஷ் மருந்து உடம்புல இருந்தா இது வேலை செய்யாதுன்னு நிறுத்தச் சொல்லிட்டாங்க" என்றார். நிறுத்தி நாற்பது நாள் ஆகியிருந்தது. அந்த மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்ததும் நம் குழுப் பெண் ஒருவர்தான், 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில்.

அதனால்தான் இன்று இதைப் பேசுகிறோம். இந்த வைத்தியத்தைக் குறை சொல்வதற்காக அல்ல. எங்கள் அலுவலகத்திலேயே இடுப்பு வலிக்குப் போய் சுகம் கண்டவர் இருக்கிறார். போகிறவர்கள் தெரிந்துகொண்டு போக வேண்டும், அவ்வளவுதான்.

அக்குபஞ்சர் சீனாவில் இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேலாக இருந்து வருகிறது. உடம்புக்குள் 'சீ' என்ற உயிர்ச்சக்தி 12 முக்கியப் பாதைகளில் ஓடுகிறது, அந்த ஓட்டம் தடைப்பட்டால் நோய், உரிய புள்ளியில் ஊசி குத்தினால் தடை நீங்கும் என்பது அவர்கள் கணக்கு. நம் ஊரில் வர்மப் புள்ளி என்று சொல்வோமே, அதைக் கேட்டவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. 1938-ல் போரில் அடிபட்ட சீனர்களுக்கு வைத்தியம் பார்க்க நம் நாட்டிலிருந்து ஐந்து டாக்டர்கள் போனார்கள். அவர்களில் சோலாப்பூர்க்காரரான டாக்டர் கோட்னிஸ் 1942-ல் அங்கேயே இறந்துபோனார். இன்னொருவர் கல்கத்தாவின் டாக்டர் பாசு. அவர்தான் பிற்பாடு மறுபடியும் சீனா போய் இந்த வைத்தியத்தைக் கற்று, 1959 வாக்கில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்.

முதல் நாள் போனால் என்ன நடக்கும்? தூக்கம், பசி, மாதவிலக்கு எல்லாம் கேட்பார்கள். நாக்கை நீட்டச் சொல்லுவார்கள். இரண்டு கையிலும் நாடி பார்ப்பார்கள். அப்புறம் ஊசி. ஊசி என்றதும் ஆஸ்பத்திரி ஊசியை நினைத்துப் பயப்பட வேண்டாம். இதில் மருந்து கிடையாது, ஓட்டையும் கிடையாது. தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமனான கம்பி, அவ்வளவுதான். எறும்பு கடித்த மாதிரி இருக்கும், பிறகு அந்த இடம் கனத்துப்போன மாதிரியோ மரத்த மாதிரியோ தெரியும். இருபது முப்பது நிமிஷம் அப்படியே படுத்திருக்க வேண்டும். வெறும் வயிற்றோடு போகாதீர்கள், மயக்கம் வரலாம். குத்திய இடத்தில் ஒரு சொட்டு ரத்தம், லேசான கன்றல் வருவது சகஜம். நெஞ்சு, முதுகுப் பக்கம் ஆழமாகக் குத்தி நுரையீரலில் பட்டுவிட்டால் மூச்சு முட்டும். இது அபூர்வம்தான், ஆனால் நடந்திருக்கிறது. மூச்சுத் திணறினால் வீட்டுக்குத் திரும்பாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஊசியைப் பற்றி ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சீல் வைத்த பாக்கெட்டை உங்கள் கண் முன்னால் பிரிக்க வேண்டும், உபயோகித்ததும் போட்டுவிட வேண்டும். ஒருவருக்குக் குத்தியதை இன்னொருவருக்குக் குத்தினால் மஞ்சள் காமாலைக் கிருமியும் எச்.ஐ.வி.யும் பரவ வழி இருக்கிறது. "புதுசா பிரிங்க சார்" என்று கேட்க வெட்கப்படாதீர்கள். ரேஷன் கடையில் எடை சரியா என்று கேட்கிற நமக்கு இது பெரிய விஷயமா?

கர்ப்பமாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சில புள்ளிகள் பிரசவ வலியைத் தூண்டும் என்று அந்த வைத்தியத்திலேயே தவிர்ப்பார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும், இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களும் சொல்ல வேண்டும். ஊசியில் மின்சாரம் வைப்பது பேஸ்மேக்கருக்கு ஆகாது.

சரி, கேட்குமா? இதற்கு நேர்மையான பதில் ஒரு ஜெர்மன் ஆராய்ச்சியில் இருக்கிறது. 2007-ல் அதன் முடிவு வெளிவந்தது. நெடுநாள் இடுப்பு வலிக்காரர்கள் 1,162 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். முதல் பிரிவுக்குச் சரியான புள்ளியில் ஊசி. இரண்டாவது பிரிவுக்குப் புள்ளி இல்லாத இடத்தில் மேலோட்டமாக ஊசி. மூன்றாவது பிரிவுக்கு வழக்கமான மாத்திரையும் உடற்பயிற்சியும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், நூற்றுக்கு 47, 44, 27 பேருக்கு நல்ல பலன். அதாவது ஊசி குத்தியவர்களுக்கு மாத்திரைக்காரர்களைவிட நன்றாகவே கேட்டிருக்கிறது. ஆனால் புள்ளி தப்பினாலும் கிட்டத்தட்ட அதே அளவு கேட்டிருக்கிறது! ஏன் என்று டாக்டர்களே இன்னும் வாதாடுகிறார்கள். அரை மணி நேரம் படுக்க வைத்து, "எங்கேம்மா வலிக்குது" என்று ஒருவர் பொறுமையாகக் கேட்பதே பாதி வைத்தியம் என்பது எங்கள் எண்ணம். நம் வீடுகளில் நமக்கு அது எத்தனை நாள் கிடைத்திருக்கிறது?

ஆக, முழங்கால், இடுப்பு, கழுத்து வலி, தலைவலி, வாந்தி உணர்வு இவற்றுக்குப் போய்ப் பார்க்கலாம். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, டி.பி., வலிப்பு, புற்றுநோய் இவற்றின் மருந்துக்குப் பதிலாக இதைச் செய்யலாம் என்பதற்கு ஆதாரம் கிடையாது. டி.பி. மாத்திரையைப் பாதியில் விட்டால் அடுத்த தடவை அந்த மருந்தே கேட்காமல் போகும். இன்சுலின் போடுகிற பிள்ளைக்கு அதை நிறுத்தினால் சில நாளிலேயே உயிர் போய்விடும். சீனாவிலேயே பெரிய ஆஸ்பத்திரிகளில் ஊசி வைத்தியமும் ஆங்கில மருத்துவமும் பக்கத்துப் பக்கத்தில் நடக்கின்றன. ஆய்வுக்கூடத்தில் இன்சுலினைச் செயற்கையாக உருவாக்கி 1965-ல் சாதித்ததும் சீன விஞ்ஞானிகள்தான். இந்த வைத்தியம் பிறந்த நாடே நிறுத்தாத மருந்தை நாம் ஏன் நிறுத்த வேண்டும்?

நம் மாவட்டங்களில் ஊசியே இல்லாமல் விரலால் தொட்டு மட்டும் செய்கிறவர்கள் நிறையப் பேர். தொடுவதால் கெடுதல் இல்லை. ஆனால் நாங்கள் சொன்ன ஆராய்ச்சி ஊசிக்கு மட்டும்தான்.

சீன மூலிகைப் பொடி, கேப்சூல் கொடுத்தால் இன்னும் கவனம் வேண்டும். மூலிகைதானே, என்ன செய்யும் என்கிறோம். மலேரியாவுக்கு இன்று உலகம் முழுதும் கொடுக்கும் ஆர்ட்டெமிசினின் ஒரு சீன மூலிகையிலிருந்து வந்தது. அதைக் கண்டுபிடித்த தூ யூயூ என்ற பெண்மணிக்கு 2015-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அது ஒரு பக்கம். 1990-களில் பெல்ஜியம் நாட்டில் உடம்பு இளைக்கச் சீன மூலிகை சாப்பிட்ட நூறு பெண்களுக்குமேல் சிறுநீரகம் கெட்டுப்போனது. ஒரு மூலிகைக்குப் பதில் வேறொன்று கலந்துவிட்டது. அந்தச் செடியின் இனம் நம் வேலியிலும் இருக்கிறது: ஆடுதின்னாப்பாளை, ஈஸ்வரமூலி. அதே விஷச்சத்து இவற்றிலும் உண்டு. பேர் எழுதாத பொட்டலத்தை வாங்காதீர்கள்.

யாரிடம் போவது? மத்திய அரசு 2003-லேயே இதை ஒரு சிகிச்சை முறையாக ஏற்றது, 2019-ல் தனி முறையாக அங்கீகரித்தது. அதற்காகப் போர்டு மாட்டிய எல்லோரும் படித்தவர்கள் என்று ஆகாது. வார இறுதி வகுப்பில் சான்றிதழ் வாங்கியவரும் உண்டு, ஐந்தரை ஆண்டு இயற்கை மருத்துவம் படித்தவரும் உண்டு. "என்ன படிச்சிருக்கீங்க" என்று கேளுங்கள். பக்கத்து அரசு மருத்துவமனையில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு இருந்தால் அங்கேயும் விசாரியுங்கள், முன்பணம் கட்ட வேண்டியிருக்காது.

கடன் விஷயத்துக்கு வருவோம். குழுவில் ஒரு மணி நேரம் வாக்குவாதம். மாத்திரை சாப்பிட்டால்தான் கடன் என்று தீர்மானம் போடலாம் என்றார் ஒருவர். அது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. கடனைக் காட்டி ஒருவர் உடம்பை நாம் ஆள முடியாது. கடைசியில் நாலு தடவைக்கு மட்டும் 2,000 ரூபாய் கொடுப்பது, வலி குறைந்தால் மேற்கொண்டு பார்ப்பது என்று முடிவானது. மறுநாள் ஊக்குநரே அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனார். வெறும் வயிற்றில் சர்க்கரை 268. அந்தச் சீட்டைப் பார்த்த பிறகு அவருக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வைத்தியரிடம் இதைச் சொல்லப் பயமாக இருக்கிறது என்றார். நாங்களும் கூடப் போனோம். "நான் நிறுத்தச் சொல்லலையே, குறைக்கலாம்னுதான் சொன்னேன்" என்றார் அவர். யார் சொன்னது சரி என்று எங்களுக்குத் தெரியாது. சீட்டின் நகலை அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்தோம். இப்போது வியாழக்கிழமை தோறும் ஊசிக்குப் போகிறார், தினமும் சாப்பாட்டோடு மாத்திரையும் போடுகிறார். முழங்கால் பாதி தேவலையாம். போன வாரம் களை எடுக்கப் போனார்.