இலேசான வண்டி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மேடையில் குறளும் சிலம்பும் பேசுவதற்குப் புலவர் பெருமக்கள் இருக்கிறார்கள். ரயில்வே அலுவலகத்தில் கோப்புப் புரட்டும் எங்களுக்கு அத்தகுதி இல்லை. "மாலைதோறும் காலனி வேப்பமரத்தடியில் மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேசுகிறீர்களே, அதையே இங்கும் பேசுங்கள்" என்று தலைவர் அவர்கள் பணித்தார்கள். ஆகவே துணிந்து நிற்கிறோம்.

2024 நவம்பரில் இத்தாலி நாட்டு மிலான் நகரில், ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தார் 'ஃப்ளையிங் ஃப்ளீ சி6' என்னும் மின்சார மோட்டார் சைக்கிளைக் காட்சிக்கு வைத்தார்கள். பறக்கும் தெள்ளுப்பூச்சி என்பது பெயரின் பொருள். அலுமினியச் சட்டம், பழங்காலத்து மாதிரியில் முன் ஃபோர்க், மெக்னீசிய உறைக்குள் பாட்டரி. 2026-இல் சாலைக்கு வரும் என்றார்கள். விலையை அன்று சொல்லவில்லை. ஒருமுறை மின்னேற்றினால் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதையும் சொல்லவில்லை. சொல்லாத இடத்தில்தானே ஊகம் முளைக்கிறது! வேப்பமரத்தடியில் அதன்பின் வேறு பேச்சே இல்லாமற் போயிற்று.

பெயர் புதிதன்று. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படையினர் 125 சி.சி. என்ஃபீல்டு வண்டியை இரும்புக் குழாய்க் கூட்டில் வைத்து, பாராசூட் கட்டி, விமானத்திலிருந்து இறக்கினார்கள். எடை ஏறத்தாழ 60 கிலோ. சேற்றில் சிக்கினால் சிப்பாய்கள் தூக்கி மறுகரை சேர்க்கலாம். தூக்கக்கூடிய மோட்டார் சைக்கிள்! இன்றைய புல்லட் 350-இன் எடை 195 கிலோ என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை விளங்கும்.

புல்லட் நமக்கு உறவுக்கார வண்டி. 1955-இல் மதராஸ் மோட்டார்ஸ் கூட்டோடு என்ஃபீல்டு இந்தியா பிறந்து, திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. சித்தூர் ஜில்லா அதற்கு இரண்டாண்டு முன்னர்தான் சென்னை மாகாணத்தை விட்டு ஆந்திரத்தோடு சேர்ந்திருந்தது. எல்லை பிரிந்தாலும் அந்த வண்டியின் ஓசை இங்கே நின்றுவிடவில்லை. அதே நிறுவனத்தார் 1980-களில் எக்ஸ்ப்ளோரர், சில்வர் பிளஸ் என்று 50 சி.சி. சிறு வண்டிகளும் செய்தார்கள். எங்கள் பிள்ளைப் பருவத்தில் தெருவில் ஒன்றிரண்டு கண்டதுண்டு. பின்னர் அவை மறைந்தன. கனத்த புல்லட்தான் நிலைத்தது. இலேசான வண்டியை இம்முறையாவது கைவிடாமல் வளர்ப்பார்களா என்ற ஐயம் எங்களில் மூத்தவர்களுக்கு இருந்தது இதனால்தான்.

எங்கள் ஆவலுக்கு வேறொரு காரணமும் உண்டு, சொல்ல வெட்கமில்லை. வயது நாற்பத்தைந்தைக் கடந்தாயிற்று. இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. இருபதாண்டு ஓட்டிய புல்லட்டைச் சென்ற ஆண்டு விற்றோம். ஓட்ட முடியாமல் அன்று. நிறுத்துமிடத்தில் பின்னுக்கு இழுக்க முடியாமல். வாங்கிய இளைஞன் தெருமுனை திரும்பும் வரை வீட்டில் ஒருவரும் பேசவில்லை.

இலேசான வண்டி என்றால் எத்தனை இலேசு? இங்கேதான் எங்கள் கூட்டம் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. திருப்பதியிலிருந்து சித்தூர் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். போய்த் திரும்ப 140. இடையில் மின்னேற்றாமல் வந்து சேர வேண்டும் என்றது இளைஞர் கட்சி. கிலோமீட்டருக்கு நாலு பைசா யூனிட், அதாவது நூறு கிலோமீட்டருக்கு நாலு யூனிட் என்று கொண்டால், ஐந்தரை யூனிட்டுக்கு மேல் பாட்டரியில் இருக்க வேண்டும். லித்தியம் பாட்டரிக்கு ஒரு யூனிட்டுக்கு உறையோடு ஆறேழு கிலோ எடை ஆகிறது. கரகம்பாடியில் அமர ராஜா தொழிற்சாலை இருப்பதால், ஈய பாட்டரியைத் தூக்கிப் பார்த்த கைகள் இவ்வூரில் ஏராளம். ஈயமாயின் எடை நான்கு மடங்கு ஆகும் என்பதை அவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெட்ரோலோ தீரத் தீர வண்டி இலேசாகும். பாட்டரி தீர்ந்தாலும் அதே கனந்தான். ஆகவே தூரமும் வேண்டும், இலேசும் வேண்டும் என்பது நடவாத காரியம். தூரத்தைப் பாதியாக்கி, சித்தூரில் வேலை முடியும் வரை மின்னேற்றிக்கொள்ளலாம் என்றது முழங்கால் கட்சி. எங்கள் வாக்கு எப்பக்கம் என்று கேட்கவும் வேண்டுமோ?

"மலை ஏறுமா?" என்று தாய்மார்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. 1944-இல் திறந்த முதற் பாதை இப்போது இறங்குவதற்கு. 1974-இல் வந்த இரண்டாம் பாதை ஏறுவதற்கு. ஏற்றம் ஏறத்தாழ 700 மீட்டர். வண்டியும் இருவருமாக 250 கிலோ என்றால், அந்த உயரத்துக்குத் தூக்க அரை யூனிட்டுக்கும் சற்றுக் குறைவு! சாலை உராய்வு, காற்று, மோட்டாரின் விரயம் எல்லாம் சேர்த்து மும்மடங்கு வைத்தாலும் ஒன்றரை யூனிட். இறங்கும்போது மோட்டாரே பிரேக்காகிக் கொஞ்சம் மின்சாரத்தைத் திருப்பித் தரும். நம் புதிய மின்சார ரயில் எஞ்சின்கள் கம்பிக்குத் திருப்பித் தருவதும் இவ்விதமே. கணக்கைக் காட்டியதும் தாய்மார்கள் அடுத்து விலையைக் கேட்டார்கள். அதற்கு எங்களிடம் கணக்கில்லை.

இதற்கிடையில் மூன்று இளைஞர்கள் காலனிச் சீட்டைத் தள்ளி எடுத்து, முதல் நாளே முன்பணம் கட்டுவதென்று புறப்பட்டார்கள். நாங்கள் தடுத்தோம். முன்பு எங்களில் ஒருவர் வேறொரு மின்சார வண்டிக்கு முழுப்பணம் கட்டினார். எட்டு மாதத்தில் கடை பூட்டப்பட்டது. பாட்டரி பழுதானபோது கேட்க ஆளில்லை. அவ்வண்டி இன்றும் அவர் வீட்டுத் தாழ்வாரத்தில் துணி உலர்த்தப் பயன்படுகிறது. சீட்டுப் பணமோ ஏழு குடும்பங்களின் பள்ளிக் கட்டணம்.

முடிவில் இப்படி ஒப்புக்கொண்டோம். எவராவது தம் சொந்தப் பணத்தில் வாங்கி, தேவஸ்தானத்தார் அனுமதிக்கும் நேரத்தில் மனைவியோடு மலையேறி இறங்கி, மறுநாள் சித்தூருக்கும் போய் வரட்டும். பிறகு வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்தட்டும். எங்கள் முழங்கால் அதைப் பின்னுக்கு இழுத்துப் பார்க்கும். அதுவரை சீட்டு ஏலத்தில் மோட்டார் சைக்கிளின் பெயரை எடுக்கக்கூடாது. மூன்று இளைஞர்களும் கையொப்பமிட்டிருக்கிறார்கள். தாள் எங்கள் அலுவலக மேசையில் பத்திரமாக இருக்கிறது.