இடியும் மின்கருவிகளும்
(குன்றக்குடியில் ஆற்றிய உரை)



குன்றின்மீது சண்முகநாதர் எழுந்தருளியிருக்கும் இவ்வூரில், கோடைமழையிலும் ஐப்பசி அடைமழையிலும் மின்னல் வெட்டுவதைப் பார்த்தே நீங்கள் வளர்ந்திருப்பீர்கள். நம் பாட்டனார் காலத்தில் இடிக்கு அஞ்சியவை உயிரும் ஓலைக்கூரையுமே. இன்றோ தொலைக்காட்சி, குளிர்பதனப் பெட்டி, கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர், பள்ளிக் கணினி ஆகிய அனைத்தும் அஞ்ச வேண்டியுள்ளது.

இடி வீட்டின்மேல் விழுந்தால்தான் கருவி கெடும் என்பதில்லை. சில நூறு மீட்டருக்கு அப்பால் விழுந்தாலும், மின்கம்பியில் ஒரு மின் அலை எழுந்து வீட்டுக்குள் பாயும். 230 வோல்ட் ஓடும் கம்பியில் கண்ணிமைப்பதற்குள் பல ஆயிரம் வோல்ட் தோன்றி மறையும். இதுவே மின்னெழுச்சி. நம் ஊர் மின்மாற்றிகளில் இடிதாங்கிகள் பொருத்தப்பட்டிருக்கின்றன. அவை முதலில் மின்மாற்றியைக் காப்பவை. வீட்டுக்கு வேறு காவல் வேண்டும்.

கோபுரக் கலசமே ஊர் முழுவதற்கும் இடிதாங்கி என்று சொல்வாரும் உளர். செம்பு நல்ல மின்கடத்தியே. ஆனால் கலசத்திலிருந்து மண்வரை கடத்தி இல்லையெனில், விழுந்த மின்சாரம் எவ்வழியே இறங்கும்? கல்லையும் சுதையையும் பிளந்துகொண்டுதான் இறங்கும். கம்பி இறக்கிய இடிதாங்கியும் கட்டடத்தைக் காக்குமேயன்றி, மின்கம்பி வழியே வரும் எழுச்சியைத் தடுக்காது.

அதைத் தடுக்கும் கருவியைக் கடைக்காரர் சர்ஜ் புரொடக்டர் என்பார். ஏரிக்குக் கலிங்கு எப்படியோ, வீட்டு மின்சுற்றுக்கு இக்கருவி அப்படி. நீர் உரிய மட்டத்தில் நிற்கும்வரை கலிங்கில் ஓட்டமில்லை. மட்டம் மீறினால் மிகுதி வழிந்துவிடும். கருவியினுள் துத்தநாக ஆக்சைடு வில்லை ஒன்று உள்ளது. இயல்பான வோல்ட்டில் அது மின்சாரத்தை ஏறத்தாழ முற்றும் மறுக்கிறது. வோல்ட் ஏறியதும் வழிவிட்டு, எழுச்சியை மண்ணுக்குள் தள்ளுகிறது. பின் மீண்டும் அடைத்துக்கொள்கிறது.

கருவியின் முகத்தில் பல எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். வாங்குவோர் பெரும்பாலும் ‘40 கிலோ ஆம்பியர்’ என்ற பெரிய எண்ணையே நாடுகின்றனர். 8 மைக்ரோவினாடியில் உச்சமேறி, 20 மைக்ரோவினாடியில் பாதியாகத் தணியும் சோதனை மின்னோட்டத்தில், அக்கருவி தாங்கக்கூடிய மிகப்பெரிய அளவு அது. கருவி நெடுநாள் உழைக்குமா என்பதை அது உணர்த்தும்; தொலைக்காட்சி பிழைக்குமா என்பதை உணர்த்தாது. அதற்குக் காப்பு வோல்ட் என்னும் எண்ணைப் பார்த்தல் வேண்டும். எழுச்சியை வழியவிட்ட பின்னும் எஞ்சி நிற்கும் வோல்ட் அது. வீட்டுக் கருவிகள் பொதுவாக 2,500 வோல்ட் எழுச்சிவரை தாங்கும். நுண்ணிய மின்னணுக் கருவிகளுக்கோ 1,500 வோல்ட்டே எல்லை. ஆகவே இவ்வெண் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நலம்.

மற்றோர் எண், கருவி இடைவிடாது தாங்கக்கூடிய வோல்ட். 275 என்றும் 320 என்றும் காணலாம். இரவில் பம்பு செட்டுகள் நின்றபின் வோல்ட் ஏறும் சிற்றூர்களுக்கு 320 என்பதே ஏற்றது என்பது நம் கருத்து. இடிதாங்கி உள்ள கட்டடமாயின், மின்சாரம் நுழையும் இடத்தில் முதல் வகைக் கருவி வேண்டும். அது 350 மைக்ரோவினாடி நீளும் அலையில் சோதிக்கப்பட்டது. ஏனைய வீடுகளின் மெயின் போர்டுக்கு இரண்டாம் வகை போதும்.

இனி, இக்கருவியின் உயிர்நிலைக்கு வருவோம். எர்த் சரியில்லையேல், கலிங்கு கட்டி வாய்க்கால் வெட்டாத கதைதான். சில வீடுகளில் எர்த் கம்பியைத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருக்கிறார்கள். பின்னாளில் அக்குழாய் பிளாஸ்டிக்காக மாறிவிட்டது. கம்பி மட்டும் அப்படியே இருக்கிறது! நம் செம்மண் கோடையில் காய்ந்து இறுகும்போது மின்தடை ஏறிவிடும். எர்த் குழிக்கு அப்போது நீர் வார்த்தல் வேண்டும். இரும்புக் குழாயாயின் அரிமானத்தையும் கவனிக்க வேண்டும். இதை இவ்வூராருக்கு விளக்கத் தொலைவிலிருந்து எவரும் வரவேண்டியதில்லை. 1977இல் குன்றக்குடி அடிகளார் தொடங்கிய கிராமத் திட்டத்துக்குத் துணைநின்ற காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம், அரிமானத் தடுப்பை நெடுங்காலமாக ஆய்ந்து வருவதாகும்.

கருவிக்கெனத் தனிக்குழி தோண்டினால், அதை வீட்டு எர்த்தோடு இணைத்தே ஆகவேண்டும். இணைப்புக் கம்பியும் குறுகியிருக்க வேண்டும். விரைந்தேறும் எழுச்சியில், ஒரு மீட்டர் கம்பியே ஏறத்தாழ 1,000 வோல்ட்டைக் கூட்டிவிடும். போர்டு அழகாகத் தெரிவதற்காகக் கம்பியைச் சுற்றி வளைத்துக் கட்டும் வழக்கம் இங்கே உதவாது; மொத்தம் அரை மீட்டருக்குள் முடித்தல் நன்று.

நியூட்ரல் அறுந்து, வீட்டுக்குள் 400 வோல்ட் வரை புகுவதும் உண்டு. அது நொடிக்கணக்கில், நிமிடக்கணக்கில் நீடிப்பது. அதை வழியவிட முயன்றால் வில்லை வெந்துபோகும். அதற்கு மிகைவோல்ட்டில் இணைப்பைத் துண்டிக்கும் கருவி தனியே வேண்டும்.

இக்கருவி பொருளைக் காப்பது, ஆளைக் காப்பதன்று. நம் நாட்டில் ஆண்டுக்கு 2,000க்கும் மேற்பட்டோர் மின்னல் தாக்கி இறக்கின்றனர். அவர்களுள் வயலில் வேலை செய்வோர் மிகப் பலர். இடியோசை கேட்டதும் மரத்தடியை விட்டகன்று, கட்டடத்தினுள் சென்றுவிடுங்கள்.

ஒவ்வோர் எழுச்சியிலும் வில்லை சிறிது தேய்கிறது. கருவியின் சிறு சாளரம் பச்சையாக இருக்கும்வரை அது உழைக்கிறது; சிவந்துவிட்டால், விளக்குகள் வழக்கம்போல் எரிந்தாலும் வீட்டுக்குக் காவலில்லை. பெருமழை ஓய்ந்த மறுநாள் மெயின் போர்டைத் திறந்து அச்சாளரத்தைப் பாருங்கள். சிவந்திருந்தால், உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.