கை மாறும், கயிறு மாறாது

நடுவர் அவர்களே! இசைக்குழுவை நிலைநிறுத்துவது தனித்திறமையா, கூட்டு முயற்சியா? கோவளத்துக்காரங்களுக்குக் கரைவலையைப் பத்தி நான் சொல்லணுமா? ஒருத்தர் கை ஓய்ந்தால் இன்னொருத்தர் கயிற்றைப் பிடிப்பார். வலை கரை சேரும்.

இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து ஒரு குழுவை உருவாக்கினார்கள். பேரு ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. அதாவது, சாதியற்ற கூட்டம். 2018 ஜனவரி 6, கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை. 19 பேர்! பறை, சட்டி, கட்டமோளம், பக்கத்துலயே கிடார். சாவு வீட்டுப் பாட்டுன்னு ஒதுக்கிவச்ச கானா, அன்னிக்கு நடுமேடையில நிமிர்ந்து நின்னுச்சு!

அதில் ஒரே பெண் இசைவாணி. 2020-இல் பி.பி.சி.யின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். அதில் பாடிய அறிவு, 2019-இல் ‘தெருக்குரல்’ தொகுப்பு, 2021-இல் ‘என்ஜாய் எஞ்சாமி’ என்று தனிப்பெயர் எடுத்தார்.

உடனே எதிரணி நண்பர், “ஆளுக்கொரு பக்கம் போயிட்டா குழு எங்கே?” என்கிறார். ஐயா! பொண்ணு புகுந்த வீட்டுக்குப் போனா, பிறந்த வீடு இடிஞ்சா போகும்? (கைதட்டல்)

ஒதுக்கப்பட்ட இசை தனியா ஒருத்தர் வாசிச்சா, வேடிக்கை பார்ப்பாங்க. 19 பேர் சேர்ந்து வாசிச்சா, ஊரே திரும்பிப் பார்க்கும்! கை மாறலாம், கயிறு நழுவக்கூடாது. கூட்டு முயற்சியே என்று தீர்ப்புச் சொல்லுங்கள்.