ஐயமும் வாக்கும்
(மேச்சேரிப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



2019-ல் இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் அநுர குமார திசாநாயக்கவுக்கு 100-க்கு 3 வாக்குகளே விழுந்தன. 2024 செப்டம்பரிலோ 42! எப்படி வந்தது இந்த மாற்றம்?

அவர் தலைமை தாங்கும் மக்கள் விடுதலை முன்னணியின்மீது மக்களுக்கு ஐயம் இல்லையா? உண்டு. 1971-லும் 1987-89-லும் கிளர்ச்சியிலும் அடக்குமுறையிலும் சிந்திய இரத்தத்தைச் சிங்களக் கிராமங்கள் மறக்கவில்லை. வடக்கு, கிழக்கு இணைப்பை எதிர்த்து 2006-ல் வழக்காடி வென்ற கட்சி அது என்பதைத் தமிழர் மறக்கவில்லை.

ஆனால் 2022-ல் எரிவாயுவுக்கும் பெட்ரோலுக்கும் நாட்கணக்கில் வரிசையில் நின்ற மக்கள், மாறி மாறி ஆண்ட கட்சிகளே தங்கள் அடுப்பை அணைத்தன என்று கண்டார்கள். அறிந்த மோசத்தை விட்டு, அறியாததைச் சோதிக்கத் துணிந்தார்கள். செப்டம்பரில் தயங்கிய யாழ்ப்பாணமும், நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் மாவட்டத்தின் 6 இடங்களில் 3-ஐ அவர் அணிக்குத் தந்தது.

மேச்சேரியில் ஆடு வாங்குகிறவர் பல்லைப் பார்த்து வாங்குகிறார். வாங்கிய பின்னும் பட்டியின்மேல் கண் வைத்திருக்கிறார். வாக்காளரும் அப்படியே. நில விடுவிப்பு, அதிகாரப் பகிர்வு: இந்தக் கணக்கை அவர்கள் கேட்டே தீருவார்கள்!