வராண்டாவில் உட்கார்ந்த பிள்ளை
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாம் வகுப்பு வரைக்கும் படிச்சவ. குழுக் கூட்டத்தில் தீர்மானம் வாசிச்சிருக்கேன், மேடையில் பேசினதில்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கோங்க.

பிள்ளைகள் படிப்பைப் பற்றிப் பேசச் சொன்னாங்க. என் மக விஷயத்தில் நடந்ததையே சொல்லிடுறேன்.

அவ ஒண்ணாம் வகுப்பு சேர்ந்த வருஷம் 2020. கொரோனாவில் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்துச்சு. சின்னப் பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தாங்க. அதுக்குள்ள அவ ரெண்டாம் வகுப்பு. ஒண்ணாம் வகுப்பில் ஒரு நாள்கூட உட்காராமலே ரெண்டாம் வகுப்புக்குப் போயிட்டா. நம்ம ஊரில் நிறையப் பிள்ளைகளுக்கு இதே கதைதான்.

2022-ல் மூணாம் வகுப்பு. அந்த வருஷம்தான் அரசாங்கம் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் கொண்டு வந்தாங்க. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர்னு மூணு நிலையாப் பார்த்து, வகுப்புக்குள்ளேயே அவங்கவங்களுக்குத் தக்கபடி சொல்லிக் கொடுக்கிறது. ஆனால் என் மகளோட சேர்த்து நாலு பிள்ளைகளுக்கு எழுத்தே பிடிபடலை. அதனால் உதவிக்கு வந்த ஒரு டீச்சர் தினமும் பதினோரு மணிக்கு அந்த நாலு பேரையும் வெளியே கூட்டிட்டுப் போய், வராண்டாவில் உட்கார வைச்சுச் சொல்லிக் கொடுத்திருக்காங்க.

இது எதுவும் எனக்குத் தெரியாது. பிள்ளை தினமும் காலையில் வயிறு வலிக்குதுன்னு அழுவா. ஓமத் தண்ணி கொடுத்தேன், சுத்திப் போட்டேன். ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பிள்ளை சொல்லுச்சு, "அவ மக்கு கோஷ்டி அத்தை, வராண்டாவில் உட்கார வைப்பாங்க" என்று. எனக்கு அடிவயிறு பத்திக்கிச்சு. நேரா பள்ளிக்கூடத்துக்குப் போய், "எம்புள்ளையை எப்படி வெளியே உட்கார வைக்கலாம்?" என்று சண்டை போட்டேன்.

டீச்சர் கோபப்படலை. "ஒரு நாள் கூட உட்கார்ந்து பாருங்கம்மா, அப்புறம் திட்டுங்க" என்றாங்க. மறுநாள் போய் உட்கார்ந்தேன். வகுப்பில் இருபத்தெட்டுப் பிள்ளைகள். எல்லாரும் சேர்ந்து சத்தமா வாசிக்கையில் என் மக வாயை மட்டும் அசைச்சா, சத்தம் வரலை. வராண்டாவுக்கு வந்ததும் அதே பிள்ளை ஒவ்வொரு எழுத்தாத் தொட்டு, "ப… ட்… ட… ம்… பட்டம்" என்று கூட்டிச் சொன்னா. தப்பாச் சொன்னப்போ யாரும் சிரிக்கலை. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

அப்போ எங்க அம்மா ஞாபகம் வந்துச்சு. 1991-ல் நம்ம புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தது பெரியவங்களுக்கு நினைவிருக்கும். பொம்பளைங்க சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டதும் அப்போதான். கைநாட்டு வைச்சுக்கிட்டிருந்த எங்க அம்மா அந்த ராத்திரி வகுப்பில்தான் கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டாங்க. அங்க யாருக்கும் எழுத்துத் தெரியாது, அதனால் யாருக்கும் வெட்கமில்லை. என் மகளுக்கோ இருபத்தெட்டுப் பேர் பார்க்க எழுந்து போகணும். பாடம் நல்ல பாடம்தான். போற வழிதான் அவளைச் சுட்டிருக்கு.

சரி, எழுத்து வந்துடும்னு நிம்மதியா இருந்தேன். ரெண்டு மாசம் கழிச்சு, 52-ல் 27 போனால் மிச்சம் எவ்வளவுன்னு கேட்டேன். 35 என்று எழுதுறா. ரெண்டிலிருந்து ஏழு போகாதே, பக்கத்தில் கடன் வாங்கணுமேன்னு சொன்னால் முழிக்கிறா. அப்புறம்தான் விசாரிச்சேன். வகுப்பில் பதினோரு மணிக்குக் கணக்குப் பாடமாம். இவ வராண்டாவில் எழுத்துக் கூட்டின நேரத்தில், உள்ளே கடன் வாங்கிக் கழித்தல் நடந்து முடிஞ்சுபோச்சு!

அக்கா, கடனைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கினால் என்ன ஆகும்னு நமக்குத் தெரியும். எழுத்துக்காகக் கணக்கு நேரத்தை எடுத்தால், அந்த நேரத்தைப் பிள்ளைக்குத் திருப்பிக் கொடுக்கணும். இல்லைன்னா தமிழில் பின்தங்கின பிள்ளை கணக்கிலும் பின்தங்கிப் போகும்.

இந்தத் தடவை நான் சண்டைக்குப் போகலை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போனேன். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் நாலில் மூணு பங்கு பெற்றோர்தான் இருக்கணும், பாதிப் பேர் பெண்கள் இருக்கணும். நம்மகிட்ட உரிமை இருக்கு, நாமதான் போறதில்லை. அங்கே நாலு விஷயம் கேட்டேன்.

பிள்ளையைத் தனியாக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி தாய் தகப்பனைக் கூப்பிட்டுச் சொல்லுங்க. அந்த நேரத்தில் எந்தப் பாடம் போகுதுன்னு பாருங்க, விளையாட்டு நேரத்தையும் பிடுங்காதீங்க. மக்குன்னு ஒரு பிள்ளையும் சொல்லக் கூடாது. எத்தனை நாளைக்கு, என்ன வந்தால் திரும்ப வகுப்புக்குள்ளே வரும்னு முதல்லேயே சொல்லுங்க.

உதவி டீச்சர் வேற நேரத்துக்கு வர முடியாதுன்னாங்க. தலைமை ஆசிரியர் யோசிச்சு, கணக்கை மத்தியானத்துக்கு மாத்தி, பதினோரு மணிக்குத் தமிழ் வாசிப்பு வைச்சாங்க. உள்ளே இருக்கிறவங்க வாசிக்கிற நேரத்தில் இவங்களும் வாசிச்சாங்க. அப்புறம் வகுப்பு டீச்சர், நல்லா வாசிக்கிற பிள்ளைகளையும் முறை வைச்சு வராண்டாவுக்கு அனுப்பினாங்க. வராண்டா எல்லாருக்கும் பொதுவானதும் அந்தப் பட்டப் பேரும் நின்னுபோச்சு. என் மகளுக்கு வயிற்று வலியும் நின்னுபோச்சு.

நாலு பேரில் என் மகளும் இன்னொரு பிள்ளையும் அந்த வருஷமே வகுப்போட சேர்ந்துட்டாங்க. மூணாவது பையனுக்குப் பள்ளிக்கு வந்த மருத்துவக் குழு பார்த்ததில், கண்ணு சரியாத் தெரியலை. பலகையில் எழுதினதே தெரியாத பிள்ளையைத்தான் நாம மக்குன்னு சொல்லிக்கிட்டிருந்திருக்கோம். கண்ணாடி போட்டான், இப்போ வாசிக்கிறான். நாலாவது பிள்ளைக்கு இன்னும் சிரமம்தான். வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் வந்து பார்க்கிறாங்க. அதுக்கு நாளாகும், பொறுமை வேணும். என் மகளும் கணக்கில் இன்னும் கொஞ்சம் மெதுவுதான். வீட்டில் புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாக் குவிச்சு வைச்சு, கடன் வாங்கிக் கழிக்கப் பழக்குறேன்.

உங்ககிட்ட நான் கேட்கிறது இதுதான். உங்க பிள்ளையைத் தனியாக் கூட்டிட்டுப் போறாங்கன்னா என்னை மாதிரி முதல்ல கத்தாதீங்க. கேவலம்னு நினைச்சு வேண்டாம்னும் சொல்லிடாதீங்க. அதே சமயம், டீச்சர் பார்த்துக்குவாங்கன்னு சும்மாவும் இருந்துடாதீங்க. ஒரு நாள் போய் உட்கார்ந்து பாருங்க. என்ன சொல்லித் தர்றாங்க, அந்த நேரத்தில் உள்ளே என்ன போகுது, எப்போ திரும்ப உள்ளே விடுவாங்க, இந்த மூணையும் கேளுங்க. தனியாக் கூட்டிட்டுப் போறது தப்பில்லை. போன பிள்ளையைத் திரும்ப வகுப்புக்குள்ளே கொண்டு வந்து சேர்க்கிறதுதான் முக்கியம்.

நம்ம குழுவில் ஒருத்தி தவணை கட்ட முடியலைன்னா அவளை வெளியே தள்ளிட்டா கணக்கை முடிக்கிறோம்? வீட்டுக்குப் போய் என்ன ஏதுன்னு கேட்டு, கைகொடுத்து, அடுத்த கூட்டத்தில் பக்கத்தில் உட்கார வைச்சுக்கிறோம். பிள்ளைகளுக்கும் அதையே செய்வோம். மாசக் கூட்டத்தில் சந்தா, கடன் பேசி முடிச்ச பிறகு, எந்த வீட்டுப் பிள்ளைக்கு இன்னும் வாசிக்க வரலைன்னு ஒரு வார்த்தை கேட்போம். அதையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதுவோம்.