சாமியை எடுத்துக்கொள்கிறார்கள், ஆளை வெளியே நிறுத்துகிறார்கள்

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)

போன மாதக் கூட்டம் முடிகிற நேரத்தில் ஒரு தம்பி எழுந்து ஒரு கேள்வி கேட்டார். மணி ஒன்பது ஆகிவிட்டது, கடைசி பஸ் போய்விடும் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். இன்றைக்கு முடியாது. முதல் வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

கேள்வி இதுதான்: "அக்கா, பார்ப்பனியம் விழுங்கின நம்ம சாமிகளை, சுடலைமாடனை, காட்டேரியை மீட்கணும்னு பேசுறோம். அமெரிக்காவுல, ஐரோப்பாவுல கிறித்துவத்துக்கு முந்தின சாமிகளை மீட்கிறோம்னு நிறையப் பேர் கிளம்பியிருக்காங்க. சூனியக்காரிங்கிற வசையையே பட்டமா வச்சிக்கிறாங்க. அவங்களும் நாமும் ஒரே வேலையத்தானே செய்யறோம்?"

இவர்களைப் பற்றி நான் படித்தது கொஞ்சம், நேரில் பார்த்தது கொஞ்சம். பார்த்ததிலிருந்து தொடங்குகிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு சாதி பற்றிப் பேச அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பேசி முடித்ததும் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்கார அம்மா ஓடி வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். சட்டைக் கையை மடித்துக் காட்டுகிறார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை காளி. நாக்கு, மண்டையோட்டு மாலை எல்லாம் பச்சை குத்தியிருக்கிறது. "உங்கள் தாய்தான் எனக்கும் தாய்" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். "எங்க ஊர்க் காளி கோயிலுக்குள்ள நான் இதுவரைக்கும் கால் வச்சதில்லைங்க. எங்க தெருக்காரங்க தேங்காயை வெளிய நின்னுதான் கொடுக்கணும்" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் சுண்டிப்போய், அழ ஆரம்பித்துவிட்டார். அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா? நான் ஓடிப்போய் அவருக்கு டீ வாங்கி வந்து, முதுகைத் தட்டி, பரவாயில்லைங்க பரவாயில்லைங்க என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். கோயிலுக்கு வெளியே நின்றவள் நான். ஆறுதல் அவருக்கு!

அந்த அம்மாவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவார்.

பேகன் என்பது பொதுப்பெயர், அதற்குள் பல கூட்டங்கள். இங்கிலாந்தில் சூனியத் தடைச் சட்டம் 1951இல் நீக்கப்பட்டது. 1954இல் ஜெரால்டு கார்ட்னர் என்பவர் ஒரு புத்தகம் எழுத, அதை ஒட்டி விக்கா என்ற மதம் பரவியது. இந்த கார்ட்னர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலும் மலேயா ரப்பர் தோட்டத்திலும் இருந்துவிட்டு, மலேயாவிலேயே சுங்க அதிகாரியாக வேலை பார்த்தவர். நம் ஆட்கள் கொழுந்து பறித்த, பால் வெட்டிய அதே தோட்ட உலகம்தான். வடக்கு ஐரோப்பாவின் ஓடின், தோர் என்ற பழைய சாமிகளைக் கும்பிடுகிறவர்கள் இன்னொரு கூட்டம். ஐஸ்லாந்தில் 1972இல் சங்கம் வைத்து, அடுத்த வருடமே அரசு அங்கீகாரம் வாங்கினார்கள். அந்தச் சங்கத்தில் இனம் பார்ப்பதில்லை. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், எல்லாரையும் ஒரே மூட்டையில் கட்டிவிடக் கூடாது. பெரும்பாலானவர்கள் சாதாரண ஜனங்கள். மாதா கோயில் பிடிக்காமல் வெளியே வந்தவர்கள், பெண்கள், ஒருபால் உறவினர் என்று பலரும் இருக்கிறார்கள்.

ஆனால் இன்னொரு வகை இருக்கிறது. 1994இல் ஸ்டீபன் மெக்னாலன் என்பவர் அமெரிக்காவில் அசாத்ரு ஃபோக் அசெம்பிளி என்ற அமைப்பைத் தொடங்கினார். சாமி ரத்தத்தின் வழியாக வருகிறது, வடக்கு ஐரோப்பியச் சாமிகள் வடக்கு ஐரோப்பிய ரத்தத்துக்கே உரியவை என்பது இவர் 1980களிலேயே பேசிவந்த கருத்து. அதற்கு அறிவியல் மாதிரி ஒலிக்கிற ஒரு பெயரும் வைத்தார். யாரையும் நாங்கள் வெறுக்கவில்லை, அவரவர் சாமி அவரவர்க்கு, அவ்வளவுதான் என்று சொல்வார்கள். கேட்ட மாதிரி இருக்கிறதா? எந்தத் தெருவில் பிறந்தாயோ அந்தத் தெருச் சாமியைக் கும்பிடு, அந்தத் தெருவோடு நில். இதைத்தானே நம் ஊர்ப் பெரியவர்கள் மரியாதையான குரலில் சொல்கிறார்கள்? 2020இல் மினசோட்டா மாநிலத்தில் மர்டாக் என்ற ஊரில், முந்நூறு பேர்கூட இல்லாத ஊர் அது, இந்த அமைப்பு பழைய லூத்தரன் தேவாலயம் ஒன்றை வாங்கியது. ஊர்மக்கள் எதிர்த்தார்கள். அனுமதி மறுத்தால் மதச் சுதந்திர வழக்கு வரும் என்று ஊர் மன்றம் அனுமதி கொடுத்துவிட்டது.

இந்த ரத்தப் பேச்சுக்கும் நமக்கும் நேரடியாகவே ஒரு தொடர்பு உண்டு. சாவித்திரி தேவி என்று ஒருத்தி. நம்ம ஊர்ப் பெயர் என்று நினைக்காதீர்கள். 1905இல் பிரான்சில் லியோன் நகரில் பிறந்த மாக்சிமியானி போர்ட்டாஸ். ஆரிய இனத்தைத் தேடி 1932இல் இந்தியா வந்தாள். சாதி அமைப்பைப் பார்த்து, ரத்தத் தூய்மையைக் காக்கும் ஏற்பாடு இதுதான் என்று சொக்கிப்போனாள். ஹிட்லரை அவதாரம் என்று 1958இல் புத்தகம் எழுதினாள். இன்றைய வெள்ளை நாசி ஆன்மிகக் குழுக்களுக்கு அவள் ஒரு ஞானத்தாய். ஆக, நம்மை நசுக்குகிற அமைப்பு அவர்களுக்கு முன்மாதிரி. சாதியை இனப் பிரிவு என்பதே தவறு என்று 1936லேயே அம்பேத்கர் எழுதிவிட்டார். அவள் படித்திருக்க மாட்டாள்.

பழைய ஜெர்மானிய எழுத்துகளை ரூன் என்பார்கள். ஹிட்லரின் எஸ்.எஸ். படை அதைச் சட்டையில் குத்திக்கொண்டது. அமெரிக்க நாசிக் கட்சி ஒன்று 2016இல் ஸ்வஸ்திகாவை எடுத்துவிட்டு ஒத்தாலா என்ற ரூனைக் கொடியில் போட்டது. ஆனால் ரூன் மாட்டியவர்கள் எல்லாம் நாசியா என்றால், இல்லை. இங்கேதான் சிக்கலே. கழுத்தில் தோரின் சுத்தியல் தொங்குகிறது என்பதை வைத்து ஆள் எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது. வாய்திறந்து கேட்டால்தான் தெரியும். கேட்பதற்குத்தான் அங்கே யாரும் தயாராக இல்லை.

2016இல் அந்த அமைப்பின் புதிய தலைமை, வெள்ளைக் குழந்தைகளையும் 'ஆணான ஆண், பெண்ணான பெண்'ணையும் போற்றி ஓர் அறிக்கை விட்டது. பதிலுக்கு மற்ற வடதேசச் சாமி கும்பிடுகிறவர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட குழுக்களாகச் சேர்ந்து பிரகடனம் 127 என்று ஒன்று வெளியிட்டார்கள். தங்கள் பழைய நூல் ஒன்றின் 127ஆம் பாடலை ஆதாரமாக வைத்து, இவர்களோடு எங்களுக்கு உறவில்லை என்று அறிவித்தார்கள். நல்ல காரியம். ஆனால் பக்கத்து ஊர் அமைப்போடு உறவில்லை என்று கையெழுத்துப் போடுவது சுலபம். நம் கட்சிக்காரர்களும் வெண்மணிக்குக் கண்டனத் தீர்மானம் போட்டார்கள். சொந்த ஊரில் தேநீர்க்கடைத் தனிக்குவளையைப் பற்றி வாய் திறக்கவில்லை.

சொந்த வட்டத்துக்குள் பேச்சு எடுத்தால் என்ன பதில் வரும்? "நாங்களே ஒடுக்கப்பட்டவர்கள். எங்களையும் எரித்தார்கள்." தொண்ணூறு லட்சம் சூனியக்காரிகள் எரிக்கப்பட்டார்கள் என்று ரொம்ப நாள் சொல்லிவந்தார்கள். அது 18ஆம் நூற்றாண்டு ஜெர்மானியர் ஒருவர் போட்ட மனக்கணக்கு. வரலாற்றாசிரியர்கள் இன்று சொல்வது நாற்பதாயிரத்திலிருந்து அறுபதாயிரம் வரை. அதுவே எவ்வளவு பெரிய கொடுமை! பெருக்க வேண்டிய தேவையே இல்லை. சூனிய வழக்குகளை ஹிம்லரும் தேடினான் தெரியுமா? 1935 முதல் 1944 வரை எஸ்.எஸ். ஆட்களை வைத்து முப்பதாயிரத்துக்கும் மேல் அட்டைகள் தயாரித்தான். ஜெர்மானிய இனத்தின் மீது திருச்சபை செய்த குற்றம் என்று காட்டுவதற்காக. எரிக்கப்பட்டவர்களுக்காக அழுதுகொண்டே எரிப்பவனாகவும் இருக்கலாம் போலிருக்கிறது.

சேலத்துக்கு வருகிறேன். நம்ம சேலம் இல்லை, மாசாசூசெட்ஸ் சேலம். 1692இல் அங்கே 19 பேரைத் தூக்கில் போட்டார்கள், ஒருவரைக் கல் வைத்து நசுக்கிக் கொன்றார்கள். இன்றைக்கு விக்கா ஆட்களுக்கு அது புனிதத் தலம் மாதிரி. தொலைக்காட்சித் தொடரில் சூனியக்காரியாக நடித்த நடிகைக்குக்கூட 2005இல் சிலை வைத்திருக்கிறார்கள். முதலில் குற்றம் சாட்டப்பட்ட மூன்று பேரில் ஒருத்தி பெயர் திதுபா. பாதிரி வீட்டு அடிமை. நீதிமன்ற ஏடுகள் அவளை இந்தியப் பெண் என்கின்றன. நம்ம இந்தியா அல்ல, செவ்விந்தியர். எசமான் அடித்துத்தான் ஒப்புக்கொள்ள வைத்தான் என்று பிறகு சொன்னாள். ஒப்புக்கொண்டதால் தூக்கு இல்லை. மற்றவர்கள் விடுதலையான பிறகும் சிறைக் கட்டணம் கட்ட ஆள் இல்லாததால் உள்ளேயே கிடந்தாள். கடைசியில் யாரோ பணம் கட்டி அவளை வாங்கிக்கொண்டு போனார்கள். வாங்கியவன் பெயரும் இல்லை, அவள் என்ன ஆனாள் என்ற குறிப்பும் இல்லை. 1992இல் கட்டிய நினைவிடத்தில் கொல்லப்பட்ட 20 பேர் பெயர் இருக்கிறது. இவள் கொல்லப்படவில்லையே, அதனால் பெயர் இல்லை. "எங்களையும் எரித்தார்கள்" என்கிற அந்த 'எங்களை'க்குள் திதுபா எங்கே?

சூனியக்காரி என்ற சொல்லைப் பட்டமாக எல்லாராலும் சூடிக்கொள்ள முடியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜார்க்கண்டில் ஆதிவாசிப் பெண்களை இந்தச் சொல்லைச் சொல்லித்தான் அடித்துக் கொல்கிறார்கள். 2001இல் சட்டம் போட்டும் நிற்கவில்லை.

அடுத்தது எடுத்துக்கொள்கிற கதை. கலிஃபோர்னியாவில் விளைகிற வெள்ளை சேஜ் என்ற செடி அங்குள்ள பூர்வகுடிகளின் சடங்குக்கு உரியது. அமெரிக்கப் பூர்வகுடிகளின் சடங்குகளை 1883இல் அரசே குற்றமாக்கியது. அவர்களுடைய மதச் சுதந்திரத்துக்குச் சட்டம் வந்தது 1978இல்தான். நாற்பது வருடம் கழித்து, 2018இல், ஒரு கம்பெனி சீட்டுக்கட்டு, கல், சேஜ் கட்டு எல்லாம் சேர்த்துப் புதுச் சூனியக்காரிகளுக்கான பெட்டி என்று 42 டாலருக்கு அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கினார்கள். செடி மட்டும் இன்றும் காட்டில் திருட்டுத்தனமாக அறுபடுகிறது. லக்கோட்டா மக்கள் 1993லேயே, எங்கள் சடங்குகளை விற்பவர்கள் மீது போர் என்று தீர்மானம் போட்டவர்கள். வூடூவும் அப்படித்தான். ஹைத்தியில் அடிமைகள் 1791இல் கிளர்ந்தெழுந்தபோது கூடவந்த சாமிகள் அவை. 2010இல் அங்கே காலரா பரவியபோது வூடூ பூசாரிகளைக் கும்பல் அடித்துக் கொன்றது. அந்தச் சாமிகளின் படம் வெள்ளைக்கார வீட்டுப் பூசை அலமாரியில் அழகாக இருக்கிறது. ஹைத்தி அகதி கதவைத் தட்டினால்தான் பிரச்சினை.

கறுப்பின பேகன்கள் இதையெல்லாம் பேசாமல் இல்லை. கிறிஸ்டல் பிளாண்டன் என்ற கறுப்பினப் பெண் இன்னும் இருவரோடு சேர்ந்து, பேகன் சமூகத்துக்குள் இருக்கும் இனவெறி பற்றி 2015இல் ஒரு தொகுப்பே கொண்டுவந்தார். படிக்க வேண்டியவர்கள் படித்தார்களா என்பது வேறு.

இப்போது அந்தக் காளி அம்மா. மறுநாள் காலையில் நான் தங்கிய இடத்துக்கே வந்தார். அழவில்லை. "நான் என்ன செய்யட்டும்?" என்றார். இதைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். நம் மேல்சாதித் தோழர்களும் இப்படித்தான் கேட்பார்கள், ஏதோ நாம் வேலைப் பட்டியல் வைத்திருக்கிற மாதிரி. நான் பதிலுக்கு, "உங்க வட்டத்துக்கு யார் வந்துட்டு நின்னுட்டாங்க?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்தார். பதினோரு பேர் வருடத்தில் எட்டுப் பண்டிகைக்குக் கூடுவார்களாம். ஒரு கறுப்பினப் பெண் இரண்டு முறை வந்தாராம், அப்புறம் வரவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆள் கழுத்தில் ஒரு ரூன். அதையும் யாரும் கேட்கவில்லை.

நாலு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. அவர் கேட்டிருக்கிறார். முதலில் "என் தாத்தாவின் எழுத்து" என்றாராம் அந்த ஆள். விடாமல் கேட்டதும் ரத்தம், மண், படையெடுத்து வருகிறவர்கள் என்று எல்லாம் வந்துவிட்டது. அதைவிட மற்றவர்கள் சொன்னதுதான் அந்த அம்மாவை உடைத்திருக்கிறது. "சாமி காரியத்தில் அரசியலை ஏன் இழுக்கிறாய், நல்ல மனுஷன், விறகெல்லாம் அவர்தானே கொண்டுவருகிறார்!" பதினைந்து வருட சிநேகிதம். வட்டம் உடைந்து இவர் பக்கம் நாலு பேர்தான் மிச்சம். வராமல் போன அந்தப் பெண்ணுக்கும் எழுதியிருக்கிறார். நன்றி என்று ஒரு வரி பதில் வந்ததாம். ஆள் வரவில்லை. "இவ்வளவும் செய்து அவர் வரவில்லையே" என்று அந்த அம்மா வருத்தப்பட்டிருந்தார். வரவேண்டும் என்று கட்டாயமில்லையே என்று எழுதினேன். நேச சக்தி என்று நாம் சொல்கிறோமே, அந்தச் சொல்லை இவருக்குக் கொடுக்க எனக்குத் தயக்கமில்லை. காளியைப் பச்சை குத்தியதற்காக அல்ல, விறகு கொண்டுவந்தவனிடம் கேட்டதற்காக.

தம்பி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மதுரைவீரனை யார் கொன்றது, ஏன் கொன்றது என்று கேட்டுக்கொண்டு நாம் சாமியிடம் போகும்வரை அவர்களும் நாமும் ஒன்றில்லை. கொன்ற கூட்டமே அவனைக் குலசாமி ஆக்கிக்கொண்டு அவன் ஆட்களை வெளியே நிறுத்துகிறது. சேஜ் கட்டும் அதே கதைதான். ஆனால் நம் மேடைகளிலும் இப்போது 'எங்கள் ரத்தம், எங்கள் ஆதி, நாங்களே ஆண்டவர்கள்' என்கிற குரல் கேட்கிறது. கைதட்டலும் நிறைய விழுகிறது. அந்தக் குரலில் எனக்கு மர்டாக் தேவாலயத்து வாடை அடிக்கிறது. கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

அடுத்த மாதம் உங்கள் தெருவில் மாடசாமிக்குக் கொடை என்று சொன்னீர்கள். மேளம் அடிக்க வருகிற அருந்ததியர் வீட்டு ஆட்களை எங்கே உட்காரவைத்துச் சோறு போடுகிறார்கள், எந்த இலையில் போடுகிறார்கள் என்று பாருங்கள். பார்த்துவிட்டு உங்கள் அப்பாவிடம் என்ன கேட்டீர்கள், அவர் என்ன சொன்னார் என்பதை அடுத்த கூட்டத்தில் நீங்கள் பேசுங்கள். நான் கேட்கிறேன்.