அயல்நாட்டுப் பகையும் அணுவாயுதமும்

  

 

2025ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் திகதி காஷ்மீரின் பஹல்காம் என்னுமிடத்தில் 26 பேர் படுகொலை செய்யப்பட்டனர். அதனைத் தொடர்ந்து மே மாதம் 7ஆம் திகதி முதல் 10ஆம் திகதி வரை இந்தியாவும் பாகிஸ்தானும் ஒன்றின் மீது மற்றொன்று ஏவுகணைகளையும் ஆளில்லா விமானங்களையும் ஏவிக்கொண்டன. அந்த நான்கு நாட்களும் எமது வன்னியிலே இளைஞர் சிலர் கிரிக்கெட் போட்டி பார்ப்பது போன்று கைத்தொலைபேசியில் அதனைப் பார்த்துக்கொண்டிருந்தனர். எத்தனை விமானங்கள் விழுந்தன என்று ஓட்ட எண்ணிக்கை கேட்பது போலக் கேட்டுக்கொண்டனர். "பயப்படத் தேவையில்லை, எங்களிடம் குண்டு இருக்கிறது" என்று மஸ்ஜித் வாசலில் ஓர் இளைஞர் கூறியதை நான் என் காதாலேயே கேட்டேன். "எங்களிடம்" என்ற அந்த ஒரு சொல்லைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

அந்தக் குண்டு யாருடையது? இந்தியா 1974ஆம் ஆண்டு மே 18ஆம் திகதி ராஜஸ்தானின் பொக்ரானில் முதன்முதலாக அணுகுண்டைப் பரிசோதித்தது. பின்னர் 1998 மே 11ஆம், 13ஆம் திகதிகளில் அங்கேயே மீண்டும் பரிசோதித்தது. அதற்குப் பதிலாக மே 28ஆம் திகதி பலூசிஸ்தானின் சாகாய் மலையிலும், மே 30ஆம் திகதி காரான் பாலையிலும் பாகிஸ்தான் தன் குண்டுகளை வெடித்தது. இந்தியாவின் 1998ஆம் ஆண்டுப் பரிசோதனையில் முன்னின்றவர் டாக்டர் அப்துல் கலாம். தலைமன்னாரிலிருந்து கடலுக்கு அப்பால் உள்ள இராமேஸ்வரத்தில், எங்களைப் போலவே தமிழ் பேசும் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். பாகிஸ்தானின் அணுத்திட்டத்தில் பெயர் பெற்றவர் டாக்டர் அப்துல் கதீர் கான். அவர் பிறந்ததோ இந்தியாவின் போபால் நகரில். எல்லைக்கு இப்பாலும் ஓர் அப்துல், அப்பாலும் ஓர் அப்துல். இதில் எந்தக் குண்டை "எங்கள் குண்டு" என்று நாம் அழைப்பது?

1970களின் இறுதியிலிருந்தே "இஸ்லாமியக் குண்டு" என்றொரு பெயர் உலகில் உலவி வந்தது. மேற்குலகப் பத்திரிகைகள் அச்சமூட்டுவதற்காக அப்பெயரைப் பயன்படுத்தின. எம்மவர் சிலர் பெருமைக்காக அதையே எடுத்து அணிந்துகொண்டனர். ஆனால் 2004 பெப்ரவரியில் அப்துல் கதீர் கான் பாகிஸ்தான் தொலைக்காட்சியில் தோன்றி, அணுத் தொழில்நுட்பம் வெளிநாடுகளுக்குச் சென்றதற்குப் பொறுப்பேற்றபோது, ஈரான், லிபியா ஆகியவற்றுடன் வட கொரியாவும் அப்பட்டியலில் இருந்தது. பிற்காலத்தில் அவர் அவ்வொப்புதலை மறுத்தும் பேசினார். எவ்வாறாயினும், மதமே இல்லையெனும் அரசொன்றின் வாசல்வரை போன சரக்குக்கு இஸ்லாத்தின் பெயரைச் சூட்டுவது எவ்வளவு பொருத்தமற்றது என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

பகைவன் அஞ்சும்படி ஆயத்தமாக இருத்தல் மார்க்கத்தில் உள்ளதுதானே என்று சிலர் கேட்பர். உண்மைதான். அணுவாயுதத்தை வைத்திருத்தல் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் பயன்படுத்துதல் என்பது வேறு விடயம். கலீபா அபூபக்ர் (ரழி) அவர்கள் படையை அனுப்பும்போது பெண்களையும் சிறுவரையும் முதியோரையும் கொல்லலாகாது, கனி தரும் மரங்களை வெட்டலாகாது, ஆசிரமங்களில் ஒதுங்கி வணங்குவோரைத் தொடலாகாது என்று கட்டளையிட்டார்கள். வயோதிபரையும் தொட்டிற் குழந்தையையும் பேரீச்ச மரத்தையும் விட்டுவிட்டுச் சிப்பாயை மாத்திரம் தேடிச் செல்லும் அணுகுண்டு ஒன்றை இதுவரை எவரும் செய்யவில்லை. ஆகையால் அதனைப் பயன்படுத்துவதற்கு ஷரீஅத்தில் இடம் காண்பது கடினம் என்பதே எனது கருத்து.

எமது நாட்டின் நீதியரசர் ஒருவரும் ஏறத்தாழ இதே வழியிற் சென்றார் என்பது எம்மில் பலருக்குத் தெரியாது. 1996 ஜூலை 8ஆம் திகதி, அணுவாயுதம் சட்டபூர்வமானதா என்ற வினாவுக்குச் சர்வதேச நீதிமன்றம் தன் ஆலோசனைக் கருத்தை வெளியிட்டது. தேசத்தின் உயிருக்கே ஆபத்து நேரும் வேளையில் அதைப் பயன்படுத்துவது சட்டத்திற்கு உட்பட்டதா முரணானதா என்று திட்டமாகச் சொல்ல இயலாதென நீதிமன்றம் கூறியது. இலங்கையரான நீதியரசர் கிறிஸ்தோபர் வீரமந்திரி அதற்கு உடன்படவில்லை. எந்தச் சூழ்நிலையிலும் அது சட்டவிரோதமே என்று நீண்டதொரு மாற்றுத் தீர்ப்பை எழுதினார். பல சமயங்களின் யுத்த ஒழுக்கங்களை அதில் எடுத்துக்காட்டிய அவர், அம்பிலும் வாளிலும் நஞ்சு தடவுவதை இஸ்லாமியச் சட்டம் தடுத்திருந்ததையும் குறிப்பிட்டார். முஸ்லிமல்லாத ஒருவர் எமது பிக்ஹு நூல்களின் சட்டத்தை உலக நீதிமன்றத்தில் எடுத்துரைத்தார். எமது பிள்ளைகளோ குண்டின் படத்தைத் தொலைபேசியின் முகப்பில் வைத்திருக்கின்றனர்.

குண்டு வந்ததால் போர் நின்றுவிட்டது என்பாரும் உளர். 1971க்குப் பின்னர் அவ்விரு நாடுகளுக்கும் இடையே முழுமையான போர் மூளவில்லை என்பது மெய்யே. ஆயினும் 1999 பெப்ரவரியில் பிரதமர் வாஜ்பாய் பஸ் வண்டியில் லாகூர் சென்று நவாஸ் ஷரீபுடன் பிரகடனம் ஒன்றில் ஒப்பமிட்டார். சில மாதங்களுக்குள் கார்கில் மலைகளில் சண்டை மூண்டது. 2001 டிசம்பரில் இந்தியப் பாராளுமன்றம் தாக்கப்பட்டதன் பின் பல மாதங்களாக இலட்சக்கணக்கான படையினர் எல்லையில் எதிரெதிரே நின்றனர். 2019இல் பாலாகோட். 2025இல் மேலே சொன்ன நான்கு நாட்கள். இந்தியாவிடம் ஏறத்தாழ 180, பாகிஸ்தானிடம் ஏறத்தாழ 170 அணுவாயுதங்கள் உள்ளதாக ஸ்டொக்ஹோம் சமாதான ஆய்வு நிறுவகம் 2025இல் மதிப்பிட்டது. அயல்வீட்டாரின் சண்டையில் இரு வீட்டாரும் கூரையின்மேல் பெற்றோலை ஊற்றி வைத்துக்கொண்டு வேலியைப் பற்றி வாதிடுவதற்கு ஒப்பானது இது.

பகைமை மாத்திரமன்றித் தவறும் இதில் உண்டு. 2022 மார்ச் 9ஆம் திகதி இந்தியாவின் ஏவுகணையொன்று தவறுதலாகப் பாய்ந்து பாகிஸ்தானின் மியான் சன்னூ என்னும் ஊரருகே விழுந்தது. நல்லவேளையாக அதில் வெடிபொருள் இருக்கவில்லை, உயிரிழப்பும் இல்லை. பராமரிப்பின்போது நேர்ந்த பிழை என்று இந்தியா இரண்டு நாட்களின் பின் ஒப்புக்கொண்டது. அண்டை நாடுகளுக்கிடையே ஏவுகணை பறந்து செல்லும் நேரம் சில நிமிடங்களே. சில நிமிடத்தில் விழும் ஒன்றுக்கு இரண்டு நாட்களின் பின் விளக்கம்!

அப்படியாயின் இத்தனை ஆண்டுகளாக அவர்களைக் காத்து நிற்பது எது? எனது பார்வையில், பத்திரிகைகளில் பெரிதாக வராத சில சிறிய வாக்குறுதிகளுக்கு அதிற் பெரும்பங்கு உண்டு. 1988 டிசம்பர் 31ஆம் திகதி ராஜீவ் காந்தியும் பேநசீர் பூட்டோவும் ஓர் உடன்படிக்கை செய்தனர். ஒருவர் மற்றவரின் அணு நிலையங்களைத் தாக்குவதில்லை என்பதும், ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதலாம் திகதி அந்நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்வது என்பதும் அதன் சாரம். 1992 முதல் அப்பட்டியல் தவறியதில்லை. கார்கில் போர் நடந்த மறு ஆண்டும் கைமாறியது. 2025 மே மாதத்து மோதலுக்குப் பின், சிந்து நதி நீர் ஒப்பந்தத்தை இந்தியா இடைநிறுத்தி வைத்திருந்த நிலையிலும், 2026 ஜனவரி முதலாம் திகதி கைமாறியது. அதே நாளில் சிறைக் கைதிகளின் பட்டியலும் கைமாறுகின்றது. எல்லை தெரியாமல் கடலில் போய் அகப்பட்ட ஏழை மீனவர்களின் பெயர்கள் அதில் இருக்கும். அப்பெயர்களின் பெறுமதியை முல்லைத்தீவுக் கரையில் உள்ளவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

2025 மே 10ஆம் திகதி சண்டை நின்றதும் ஒரு தொலைபேசி அழைப்பினால்தான். அன்று பிற்பகல் பாகிஸ்தானின் இராணுவ நடவடிக்கைப் பணிப்பாளர் நாயகம் இந்தியாவில் அதே பதவியில் இருப்பவரை அழைத்தார். மாலை 5 மணிக்குத் துப்பாக்கிகளை நிறுத்துவதென இணங்கினர். இதில் அமெரிக்காவின் பங்கு எவ்வளவு என்பதில் இரு நாடுகளும் முரண்படுகின்றன, அது நிற்க. பேசுவதற்கு ஓர் இணைப்பும், அதன் இரு முனையிலும் ஒரு மனிதரும் இருந்தமைதான் முக்கியம்.

நேயர்களே, பகைவனுடன் ஒப்பந்தம் செய்வதை இழிவென்று கருதுவோர் ஹுதைபிய்யாவை மறந்துவிட்டனர். ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு உம்ராவுக்காகச் சென்ற நபி (ஸல்) அவர்களைக் குறைஷியர் தடுத்தனர். ஒப்பந்தம் எழுதப்பட்டபோது, அல்லாஹ்வின் தூதர் என்ற சொல்லை நீக்குமாறு குறைஷியரின் தூதர் ஸுஹைல் வற்புறுத்தினார். அதை அழிக்க அலீ (ரழி) அவர்களுக்குக் கை வரவில்லை, நபியவர்களே அழித்தார்கள். அவ்வேளையில் ஸுஹைலின் மகன் அபூ ஜந்தல் (ரழி) விலங்குகளுடன் தப்பி ஓடிவந்து முஸ்லிம்களிடம் விழுந்தார். மை காயவில்லை, தோழர்களின் நெஞ்சு கொதித்தது. ஆயினும் கொடுத்த வாக்குக்காக அவர் திருப்பி அனுப்பப்பட்டார். அதைவிடக் கசப்பான ஒரு கட்டத்தை ஸீறாவில் காண்பது அரிது. உமர் (ரழி) அவர்களே மனம் பொறுக்காது கேள்வி கேட்டார்கள். பத்து ஆண்டுகளுக்கென எழுதப்பட்ட அந்த உடன்படிக்கை இரண்டு ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை. அதை முறித்தவர்கள் குறைஷியரும் அவர்களது நேசக் கோத்திரத்தாருமே. ஆனால் அந்தச் சொற்ப அமைதிக்குள், ஹுதைபிய்யாவில் 1400 பேராக இருந்தவர்கள் மக்காவுக்குள் 10,000 பேராகப் பிரவேசித்தனர்.

உடன்படிக்கை முறிந்தால் என்ன நேரும் என்பதை வன்னி மண் நன்கறியும். 2002 பெப்ரவரி 22ஆம் திகதி யுத்தநிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஏ9 வீதி திறந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழ்ந்த எம்மவருள் பலர், ஓமந்தைச் சாவடியில் வரிசையில் நின்று, தம் ஊரின் கிணற்றையும் பள்ளிவாசலின் இடிந்த சுவரையும் பார்த்துவிட்டு வந்தனர். 2006இலேயே அந்த ஒப்பந்தம் காகிதமாகிவிட்டது. 2008 ஜனவரியில் அரசாங்கம் அதிலிருந்து விலகியது. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் அது எங்கே போய் முடிந்தது என்பதை இங்கு வாழும் எச்சமூகத்தவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. தூர தேசங்களில் இருந்துகொண்டு எங்கள் போருக்குக் கைதட்டியவர்கள் அன்று இருந்தனர். அவர்களது பிள்ளைகள் பதுங்குகுழியில் இருக்கவில்லை. இன்று காஷ்மீரின் தாய்மாருக்கு நாம் அந்தத் தூர தேசத்தவர்களாக இருக்கலாமா?

போர் ஓய்ந்த பின்னும் மிதிவெடி ஓயவில்லை. முகமாலையில் எமது பிரதேசத்துப் பெண்கள் ஆண்டுக்கணக்காக முழந்தாளிட்டு மண்ணைச் சுரண்டி அவற்றை எடுத்தனர். மிதிவெடி கிடந்த இடத்திலேயே கிடக்கும். அணுகுண்டின் புகைக்கு எல்லை கிடையாது. இந்தியாவும் பாகிஸ்தானும் பெருமளவில் அணுப்போர் புரிந்தால், எழும் கரும்புகை சூரியனை மறைத்து, விளைச்சல் குன்றி, உலகில் 200 கோடிக்கு மேற்பட்டோர் பட்டினியால் இறக்கக்கூடும் என 2022இல் வெளியான விஞ்ஞான ஆய்வொன்று கணித்தது. மழையையும் வெயிலையும் நம்பி இரணைமடுவின் கீழும் முத்தையன்கட்டின் கீழும் நெல் விதைப்போர் அக்கணக்குக்கு வெளியே இல்லை.

சிறிய நாட்டவராகிய நாம் இதில் என்ன செய்ய இயலும் என்ற மனச்சோர்வும் வேண்டாம். இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாக்கும் இலங்கையின் யோசனையை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1971 டிசம்பர் 16ஆம் திகதி ஏற்றது. டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்ததும் அதே நாளில்தான். அணுவாயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தைக் காலவரையறையின்றி நீடித்த 1995ஆம் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் எமது இராஜதந்திரி ஜயந்த தனபால. இந்தியாவும் பாகிஸ்தானும் அதில் இன்றுவரை ஒப்பமிடவில்லை. பொக்ரான், சாகாய்ப் பரிசோதனைகள் நடந்து இரண்டு மாதங்களில், 1998 ஜூலை இறுதியில், வாஜ்பாயும் நவாஸ் ஷரீபும் கொழும்பில் நடந்த சார்க் மாநாட்டில் சந்தித்தனர். பெரிதாக எதுவும் கனியவில்லை. எனினும் அடுத்த பெப்ரவரியில் லாகூருக்குப் பஸ் புறப்பட்டது. 2023 செப்டெம்பரில் அணுவாயுதங்களை முற்றாகத் தடைசெய்யும் உடன்படிக்கையிலும் இலங்கை இணைந்துகொண்டது.

பெற்றோர்களே, ஜனவரி முதலாம் திகதிக்கு மறுநாள் பத்திரிகையின் உட்பக்கத்தில், நான்கு வரியில், அப்பட்டியல் கைமாறிய செய்தி வரும். அதனைத் தேடியெடுத்துப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லுங்கள். அவ்வாண்டு எத்தனை மீனவர்களின் பெயர்கள் அதில் இருந்தன என்று அவர்களிடம் கேளுங்கள்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.